இரண்டு தடவை நிறுத்தியவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், பறக்கத் தயாராக உறுமிக்கொண்டு நின்ற போர் விமானத்தை நான் இரண்டு தடவை கையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். இரண்டு தடவையும் தப்பு. விமானத்தில் ஒரு கோளாறும் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருந்தவனும் இரண்டு தடவையும் ஒரே ஆள். இதைக் கேட்டதும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பாவமும் இல்லை. நாளைக்கே மறுபடி அங்கே நிற்க வைத்தாலும், சந்தேகம் வந்தால் தூக்குவேன்.

மலையாள நாட்டில், ஸ்ரீவராகத்தில் எங்கள் அக்ரகாரத் தெருவிலிருந்து கடற்படைக்குப் போன பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் ஒழுங்காக வங்கிக்கும் செக்ரட்டேரியட்டுக்கும் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் போனார்கள். நான் லீவில் வந்து பால் வாங்கக் கிளம்பினால் போதும், தெருமுனை வரைக்கும் விசாரணைக் கமிஷன்தான். "கப்பல்ல தயிர் கிடைக்குமோ?" "ஏன்டீ இப்படிக் கறுத்துப் போயிட்டே?" "ப்ளேன் கிளம்பறதுக்கு ரோடு வேண்டாமோ? கப்பல்ல ஏது ரோடு?" முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் நிற்பதில்லை. மூன்றாவது கேள்வி கேட்ட எதிர்வீட்டு மாமாவை மட்டும் வெயிலில் நிறுத்திவைத்துப் பதில் சொன்னேன்.

ரோடு உண்டு மாமா, ஆனால் ரொம்பச் சின்ன ரோடு. கப்பலின் முன்முனையில் அது மேலே பார்த்து வளைந்திருக்கும். கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பி வேகம் எடுக்கும். விமானத்தின் சக்கரங்களைத் தளத்திலிருந்து எழும்பி நிற்கும் இரும்புக் கட்டைகள் பிடித்துக்கொள்ளும். பைலட் இன்ஜினை முழு வேகத்துக்கு முறுக்குவார். பின்னால் நெருப்புப் பீறிடும். அது யாரையும் சுட்டுவிடாமல் இருக்க ஓர் இரும்புச் சுவர் எழும்பி நிற்கும். விமானம் போகத் துடிக்கும், கட்டை விடாது. கொடி அசைந்ததும் கட்டை சட்டென்று உள்ளே இறங்கும், விமானம் அந்தச் சின்ன ரோட்டில் ஓடி, வளைவில் ஏறி, அப்படியே வானத்துக்குப் போய்விடும்.

"கோலி சோடா மாதிரின்னு சொல்லு" என்றார் மாமா. நான் கிளாஸ் எடுத்துச் சொல்லித் தந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். எரிச்சலாக இருந்தாலும் ஆமாம் என்றேன்.

என் வேலை, இன்ஜின் முழு வேகத்துக்கு வந்ததற்கும் கொடி அசைவதற்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்தில். நான் விமானப் பொறியாளர். பச்சை ஜாக்கெட். விமானம் துடித்துக்கொண்டு நிற்கும்போது அதன் வயிற்றுப் பக்கம், இறக்கைக்குக் கீழே, சக்கரம், மூடிகள் என்று கடைசியாக ஒரு பார்வை பார்ப்பேன். எங்கேயாவது எண்ணெய் ஒழுகுகிறதா, ஏதாவது மூடி திறந்திருக்கிறதா, எதுவும் ஆடுகிறதா? எல்லாம் சரி என்றால் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். சரியில்லை என்று பட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைக்க வேண்டும். வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தச் சத்தத்தில், காதை மூடிய ஹெல்மெட்டுக்குள், நம் குரல் நமக்கே கேட்காது. சத்தம்போட்டே வளர்ந்த எனக்கு அது முதலில் பெரிய தண்டனையாகத்தான் இருந்தது.

கைகளைக் குறுக்காக வைக்கிற உரிமை எனக்கு மட்டும் இல்லை. தளத்தில் நிற்கிற யாருக்கும் உண்டு. பெரிய அதிகாரி தூக்கினாலும், நேற்றுச் சேர்ந்த மாலுமி தூக்கினாலும், விமானம் நின்றாக வேண்டும். ஏன் தூக்கினாய் என்று அப்போது யாரும் கேட்கக் கூடாது. பிறகு கேட்கலாம், திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டு வாங்கினவன் அடுத்த தடவை கையைத் தூக்குவதற்கு முன்னால் யோசிப்பான். யோசித்துக்கொண்டே நிற்க அங்கே நேரம் ஏது?

இதோடு எங்கள் கப்பலில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். யாராவது கையைத் தூக்கி ஒரு விமானத்தை நிறுத்தினால், அன்று சாயங்காலம் அந்த விமானத்தின் பைலட், நிறுத்தியவருக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எல்லார் முன்னாலும். நிறுத்தியது சரியா தப்பா என்ற பேச்சே கிடையாது. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கேள்விப்பட்டபோது எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. அந்த டீயைக் குடிக்கிறவரைக்கும்.

இப்போது அந்தப் பைலட்டைச் சொல்ல வேண்டும். கழக்கூட்டத்துக்காரன். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பைபாஸ் ரோடுதான். கோட்டைப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் தமிழ் பேசுவான், மலையாளத்தை ஊற்றிப் பிசைந்து. நான் எந்தத் தெரு என்று தெரிந்த அந்த நிமிஷமே எனக்கு "மாமி" என்று பேர் வைத்துவிட்டான். கல்யாணமே ஆகாதவளை மாமி என்றால் எப்படி இருக்கும்? "இன்னொரு தரம் மாமின்னா கடல்ல தள்ளிடுவேன், பார்த்துக்கோ" என்றேன். "சரி மாமி" என்றான். அதற்கப்புறம் கப்பலில் பாதிப் பேருக்கு என் நிஜப் பேர் மறந்துபோனது.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் அவனுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது, கப்பலில் எல்லாருக்கும் அது தெரியும். கப்பலிலிருந்து பறப்பதற்கென்று தனியாக ஒரு தகுதி வாங்க வேண்டும். கரையில், இதே மாதிரி வளைத்துக் கட்டிய ஓடுபாதையில் ஓடி ஓடிப் பழகி, பிறகு நிஜக் கப்பலில் இத்தனை தடவை ஏற வேண்டும், இத்தனை தடவை இறங்க வேண்டும் என்று உண்டு. கூடப் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரும் போன பயிற்சிப் பருவத்திலேயே முடித்துவிட்டார்கள். இவன் முதுகு வலியில் படுத்துவிட்டான். இந்தப் பருவத்திலும் முடிக்காவிட்டால் கரையிலேயே இருந்து பறக்கிற வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. வேறு விமானம், வேறு வாழ்க்கை. சின்ன வயசிலிருந்து கப்பல், கப்பல் என்றே இருந்தவன் அவன். அதை நினைத்துத்தான் சாப்பாட்டு மேஜையில் திடீர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவனுடைய கணக்கில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தபோது நான் அவனை முதல் தடவை நிறுத்தினேன்.

நல்ல புழுக்கமான காலை. விமானம் முழு வேகத்தில் துடித்துக்கொண்டு நின்றது. நான் குனிந்து பார்த்தேன். வயிற்றுப் பக்கத்தில் ஒரு கோடாக ஈரம். சொட்டுச் சொட்டாகப் பின்னால் ஓடிக் காற்றில் சிதறுகிறது. எரிபொருளா, எண்ணெயா, தண்ணீரா? தெரியவில்லை. பின்னால் நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கிறது. என் கைகள் தானாக மேலே போய்க் குறுக்கே நின்றன. மஞ்சள் ஜாக்கெட் போட்டு விமானங்களுக்குச் சைகை காட்டுகிறவர் என்னைப் பார்த்த அந்தக் கணமே தன் கைகளையும் குறுக்கே தூக்கினார். இன்ஜின் இறங்கியது. சத்தம் அடங்கிய பிறகு தளத்தில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

தண்ணீர். வெறும் தண்ணீர். விமானத்துக்குள் காற்றைக் குளிர்விக்கிற இயந்திரத்தில் சேர்ந்த ஈரம், அன்றைய புழுக்கத்தில் கூடுதலாக வடிந்திருக்கிறது. வீட்டு ஏசி பின்பக்கம் சொட்டுமே, அதேதான். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மேலே போயிருந்த விமானங்கள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இறங்குகிற நேரத்தில் ஏற முடியாது. கழக்கூட்டத்துக்காரனுடைய அன்றைய முறை போயே போச்சு.

விமானப் பிரிவின் கமாண்டர் கூட்டத்தில் என்னை எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்ன பார்த்தீர்கள்?" சொன்னேன். "சரி. மறுபடி பார்த்தால் மறுபடி தூக்குங்கள்" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகப் போயிருந்தேன். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் எல்லாப் பஞ்சாயத்தும் முடியும்.

சாயங்காலம் டீ வந்தது. சாப்பாட்டு அறையில் எல்லாரும் இருக்க, அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தீபாராதனைத் தட்டைக் கொண்டுவருகிற மாதிரி நடந்து வந்தான். "மாமி, சாயா."

"மன்னிச்சுக்கோடா" என்றேன்.

"சாரமில்ல, பரவாயில்ல. நாளைக்குப் போவேன்" என்றான். சிரித்தான். கண் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அந்த டீயைக் குடிக்க வேண்டியிருந்தது. இதற்குப் பேசாமல் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

நாளைக்கு அவன் போகவில்லை. காற்று சரியில்லாமல், பிறகு மழை வந்து, கப்பல் கொச்சிக்குத் திரும்பிவிட்டது. அடுத்த கடல் பயணம்தான் அந்தப் பருவத்தின் கடைசி என்றார்கள்.

நடுவில் கிடைத்த லீவில் ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா மோர்க்குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லலியே?"

"அதாம்மா கோவமே. சொல்லித் தொலைச்சிருக்கலாம். மானம் போச்சு."

"மானம் கப்பலேறிப் போச்சும்பா. நீ ஏற்கெனவே கப்பல்லதானே இருக்கே, இனிமே எங்க போகப் போறது? தட்டை எடு."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். அம்மா அப்படி. மறுநாள் கழக்கூட்டத்தில் என் சித்தி பிள்ளை வாங்கியிருந்த புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். பட்டுப் புடவை, பழத்தட்டு, அப்பா, நான், எல்லாரும் ஆட்டோவில் ஏறி ஈஞ்சக்கல் ஜங்ஷன் தாண்டி பைபாஸில் திரும்பியதும் அம்மா கையை நீட்டினாள். "நிறுத்துப்பா. கேஸை மூடினேனோ?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நீ என்னிக்குத்தான் மூடாம வந்திருக்கே?"

"இன்னிக்கு மூடலேன்னா?"

ஆட்டோக்காரர் தென்காசிப் பக்கத்து ஆள், எங்கள் தெரு ஸ்டாண்டில்தான் வண்டி போடுவார். "எப்பவும் உள்ளதுதானே சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கேஸ் மூடித்தான் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது மூடித்தான் இருக்கிறது. அம்மா ஒரு துளி வெட்கம்கூட இல்லாமல் வந்து மறுபடி ஆட்டோவில் ஏறி, "ம், போலாம், எல்லாம் சரியா இருக்கு" என்றாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா வழி முழுக்கப் புலம்பினார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தைரியத்தில் பாதியாவது எனக்கு வரக்கூடாதா என்று இருந்தது.

கப்பலுக்குத் திரும்பிப் போனேன். கடைசிப் பயணத்தில் ஒருநாள் எங்கள் ஊருக்கு நேரேயே கடலில் போனோம். காலையில் தளத்தில் எல்லாரும் தோளோடு தோள் நின்று, குனிந்த தலையோடு, ஒரு திருகாணி, ஒரு சின்னக் கல், ஒரு பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால்கூடப் பொறுக்கிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரைக்கும் நடப்போம். இன்ஜின் உறிஞ்சிக்கொண்டால் சர்வநாசம். அப்படி நடந்து முடித்து நிமிர்ந்தபோது, தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் பென்சிலால் கீறின மாதிரி தெரிந்தன. கழக்கூட்டத்துக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். "மாமி, அங்க எறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சா உங்க வீட்டில ஊணு கழிக்கலாம்" என்றான், சாப்பாட்டைத்தான் சொல்கிறான். அவனுக்கு இன்னும் ஒரே ஒரு ஏற்றமும் ஓர் இறக்கமும்தான் பாக்கி இருந்தது. அன்றைக்கு முடிந்துவிடும் என்று துள்ளிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை நிறுத்தினேன்.

இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன மூடி. இன்ஜின் முழு வேகத்துக்கு வந்ததும் அதன் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மூடி சரியாக உட்காராவிட்டால் அப்படித்தான் இடைவெளி தெரியும். மேலே போனதும் காற்று அதைப் பிய்த்து எறியும். பிய்ந்த மூடி எங்கே போய் அடிக்கும் என்று சொல்ல முடியாது. பார்த்தேன். மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை என் கைகள் தானாகப் போகவில்லை. நான்தான் தூக்கினேன். "ஐயோ, மறுபடியும் இவனையா" என்று உள்ளே ஒன்று கத்த, அது கத்திக்கொண்டிருக்கும்போதே தூக்கினேன்.

மூடி அழுத்தமாகத்தான் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் வேறொரு குழு அந்த ஓரத்தில் புதிதாகப் பசை பூசியிருக்கிறார்கள். பழைய பசை வெளிறிக் கிடந்த இடத்தில் புதுசு கன்னங்கரேல் என்று இருந்தது. நான் பார்த்தது இடைவெளி இல்லை, பசை. அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. அன்றைய பறத்தல் முடிந்தது.

கமாண்டர் அதே கேள்வி கேட்டார், அதே பதில் சொன்னார். குரல்கூட மாறவில்லை. சாயங்காலம் அதே கோப்பை. இந்தத் தடவை அவன் "மாமி" என்றுகூடச் சொல்லவில்லை. டீயை வைத்தான், என் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான், எழுந்து போனான். எனக்கு அவன் மேலும் கோபம், பசை பூசினவன் மேலும் கோபம், எல்லாவற்றையும் விட என் கண் மேல் கோபம். ஒருத்தனுடைய ஆயுசுக் கனவில் போய் இரண்டு தடவை குறுக்கே நின்றிருக்கிறேன். வேறு யாராவது பைலட்டாக இருந்தாலாவது பரவாயில்லையே, இவனா கிடைத்தான்?

கப்பல் மறுநாள் மத்தியானம் கொச்சிக்குத் திரும்ப வேண்டும். காலையில் ஒரே ஒரு தடவை பறக்க வாய்ப்பு. அவன் பேர் அதில் இருந்தது. நான் கமாண்டரிடம் போனேன். "நாளைக்கு அந்த விமானத்தை வேறு யாராவது பார்க்கட்டும் சார்" என்றேன்.

"உங்கள் கண்ணில் நம்பிக்கை இல்லையா?"

"கண்ணில் இருக்கிறது சார். என் ராசியில் இல்லை." அதைச் சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இன்னொரு பொறியாளர், லூதியானாக்காரர், நிதானமான மனுஷர், சரி என்று ஒப்புக்கொண்டார். நான் அவருடைய விமானத்துக்கு மாறிக்கொண்டேன்.

காலையில் தளத்தில் வெயில் இன்னும் சூடேறவில்லை. கழக்கூட்டத்துக்காரனின் விமானம் நிறுத்தியிருந்த இடத்தில், கண்ணாடி மூடி திறந்திருக்க, அவன் உள்ளே உட்கார்ந்து பெல்ட் எல்லாம் மாட்டியாகிவிட்டது. லூதியானாக்காரர் கீழே தயாராக நின்றார். இன்ஜினைக் கிளப்பு என்று மஞ்சள் ஜாக்கெட்காரர் சைகை காட்டினார். அவன் அசையவில்லை. இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விளிம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுபடி சைகை. அவன் தலையை ஆட்டினான். லூதியானாக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு கையை நீட்டி, மூன்று விமானங்கள் தள்ளி நின்ற என்னைக் காட்டினான்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் ஜாக்கெட்காரர் மேலே, கமாண்டர் உட்கார்ந்திருக்கிற கண்ணாடி அறையைப் பார்த்தார். அங்கிருந்து காதில் என்ன உத்தரவு வந்ததோ, என்னைப் பார்த்து வா என்று கையை அசைத்தார். கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுடைய நிமிஷம். இந்த முட்டாள் அதை என் தலையில் செலவு பண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஓடினேன். ஏணியில் ஏறி அவன் முகத்துக்கு நேரே கத்தினேன். "என்னடா விளையாட்டு இது? நேரம் போறது தெரியலியா? அவர் பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு?"

"மாமி பாருங்க. மாமி பார்த்தாதான் நான் போவேன்" என்றான்.

"நான் மறுபடி நிறுத்திட்டேன்னா?"

"நிறுத்துங்க."

"உன் தலையெழுத்துடா அப்புறம்!"

"என் தலையெழுத்துதானே? நீங்க எறங்குங்க, ஸ்டார்ட் செய்யணும்."

இறங்கினேன். விமானம் ஊர்ந்து போய்க் கிளம்புகிற இடத்தில் நின்றது. கட்டைகள் எழும்பிச் சக்கரங்களைப் பிடித்தன. பின்னால் சுவர் எழும்பியது. இன்ஜின் முழு வேகத்துக்கு வந்தபோது என் நெஞ்சுக்கூடு அதோடு சேர்ந்து அதிர்ந்தது. நான் பார்த்தேன். என் ஆயுசில் அப்படி எதையும் பார்த்ததில்லை. வயிற்றுப் பக்கம், சக்கரம், இறக்கையின் அடி, ஒவ்வொரு மூடியும், ஒவ்வொரு ஓரமும். ஏதாவது தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு மனசு. தெரிந்தால் தூக்கியே தீருவேன் என்று இன்னொரு மனசு. இரண்டையும் வாயை மூடு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மட்டும் வேலை பார்க்க விட்டேன்.

ஒன்றும் இல்லை. எங்கேயும் ஒன்றும் இல்லை.

கைகளைக் குறுக்கே தூக்குவது எவ்வளவோ சுலபம். அது தப்பாகப் போனால் ஒரு டீயோடு முடிந்துவிடும். கட்டை விரலைத் தூக்குவது அப்படி இல்லை. அது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தூக்கினேன். நன்றாக, கை நீளம் முழுக்கத் தூக்கினேன். கொடி அசைந்தது, கட்டை இறங்கியது. விமானம் என் முன்னாலிருந்து பிய்த்துக்கொண்டு போய், வளைவில் ஏறி, முன்முனையைத் தாண்டி ஒரு கணம் காற்றில் தொங்கின மாதிரி இருந்து, பிறகு மேலே மேலே போனது.

ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்க வந்தான். வாலில் இருந்த கொக்கி தளத்துக் கம்பியைப் பிடித்தது, விமானம் இழுபட்டு நின்றது. அவ்வளவுதான், அவன் கணக்கு முடிந்தது. கூட்டாளிகள் அவனைத் தரையில் கால் படவிடாமல் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான் என் விமானங்களைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்கு என்ன, வேலை இல்லையா?

மத்தியானம் தளம் காலியான பிறகு, ஓரத்து நடைபாதையில் அவனைப் பிடித்தேன். சந்தோஷத்தில் முகம் பூரித்திருந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "ஏன்டா, ரெண்டு தடவை தப்பாப் பார்த்தவ நான். அந்த லூதியானாக்காரர் இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பாக் கை தூக்கினது இல்லை. அவரை விட்டுட்டு என்னைக் கூப்பிட உனக்கு என்ன கிறுக்கா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு, யோசிக்காமல் சொன்னான். "மத்தவங்க விரலைக் காட்டினா, அவங்க ஒண்ணும் கண்டில்லன்னு அர்த்தம். மாமி காட்டினா, அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னாலேயே நின்று அழுதேன்.